தாய்ப் பலகை வாங்கிய வைபவம்

2025-ஆம் வருஷம் தீபாவளி கழிந்த மறு வாரத்தில், கலசப்பாக்கத்திலிருந்து நமது தமக்கையாரின் குரல் தொலைபேசியில் வந்தது. "தம்பி! இடி விழுந்துவிட்டது" என்றார். நமக்குக் கை கால் ஓடவில்லை. நல்ல வேளையாக, இடி விழுந்தது நாலு தெருவுக்கு அப்பாலிருந்த ஒரு தென்னை மரத்தின்மேல் என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது. மனிதர்களுக்கு ஒன்றும் இல்லை. மாட்டுக்கு ஒன்றும் இல்லை. தறிகள் இரண்டும் க்ஷேமம். கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டர் மாத்திரம் அன்று மாலை கண்ணை மூடியது. பிறகு திறக்கவே இல்லை.

"இவ்வளவுதானா!" என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் என்பது சினிமாப் பார்க்கும் கருவியன்று. தமக்கையாரின் மூத்த குமாரன் பி.எஸ்ஸி. தேறியவன். ஆரணிப் பட்டு வியாபாரிகளுக்கும் சுற்றுப்புறத்துத் தறிக்காரர்களுக்கும் சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் வரைவு போட்டுக் கொடுப்பது அவன் தொழில். முன்னெல்லாம் கட்டம் போட்ட காகிதத்தில், கண் பூத்துப் போகும்வரை, ஒவ்வொரு கட்டமாக வர்ணம் தீட்டிச் செய்த வேலை அது. ஒரு கட்டமென்பது பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் ஓரிடம். இப்போது அதே கட்டங்களைத் திரையில் தீட்டுகிறார்கள். தை மாத முகூர்த்தங்களுக்கு நெய்ய வேண்டிய இரண்டு முந்தானைகளின் வரைவைக் கார்த்திகைக்குள் கொடுப்பதாகப் பையன் முன்பணம் வாங்கியிருந்தான். முன்பணம் தீபாவளியில் செலவாகிவிட்டது. ஆக, கண்ணை மூடியது யந்திரம் மட்டுமல்ல.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினோம். போளூரைத் தாண்டி, மேற்கே பர்வதமலை தெரிய ஆரம்பித்ததும் ஒரு விசித்திரமான நினைவு வந்தது. தறிக்காரர் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது விருந்தாளி அல்ல, பேரப்பிள்ளை. 1804-ஆம் வருஷத்தில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் செய்த பெட்டிதான் இன்றும் நம் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே நுழையும், கொக்கி மேலே போகும், இழை எழும்பும். ஓட்டை இல்லையேல் இழை அப்படியே கிடக்கும். உண்டு, இல்லை என்ற இந்த இரண்டே வார்த்தைகளைக் கொண்டுதான் அன்னமும் மயிலும் சேலையில் இறங்குகின்றன. இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணித மேதை 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு இந்த அட்டைகளையே கடன் வாங்கினார். 1890-ல் ஹாலரித் என்பவர் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஓட்டை போட்ட அட்டைகளால் கணக்கிட்டார். அவர் ஆரம்பித்த கம்பெனியும் சேர்ந்துதான் பின்னால் ஐ.பி.எம். ஆயிற்று. இன்று கம்ப்யூட்டருக்குள்ளே நடப்பதும் அதே உண்டு-இல்லை விவகாரந்தான். அட்டை மாத்திரம் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளூர் ரிப்பேர்க்காரப் பிள்ளை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். மின்சாரத்தை வாங்கிப் பங்கிடும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி கருகியிருந்தது. அதோடு 'மதர்போர்டு' என்னும் தாய்ப் பலகையும் போய்விட்டது. நினைவகம், அதாவது கடைக்காரர் பாஷையில் ரேம், எட்டு எட்டு ஜி.பி.யாக இரண்டு துண்டுகள். அவற்றை வேறொரு யந்திரத்தில் பொருத்திப் பார்த்தான். பிழைத்திருந்தன. வரைவுகளெல்லாம் சேமித்திருந்த தட்டும் பிழைத்திருந்தது. அதைக் கேட்டதும் தமக்கையார் திருவண்ணாமலை இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டார்.

"புதுப் பலகை ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது, மாமா" என்றான் பையன்.

தீர்ந்தது என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. தாய்ப் பலகைக்கு அந்தப் பெயர் தகும். பிராஸஸர், நினைவகம், தட்டு, திரை எல்லாம் அதன் மடியில் வந்து உட்கார வேண்டியவை. யார் யார் உட்காரலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. அதனால் பலகையை மாத்திரம் தனியாகத் தேர்ந்தெடுப்பது என்ற காரியமே கிடையாது. வீட்டுக்கு மருமகள் பார்ப்பது போல, இருக்கிறவர்களோடு ஒத்துப் போகுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பையனுடைய யந்திரம் 2018-ல் வாங்கியது; இன்டெல் ஏழாம் தலைமுறைப் பிராஸஸர். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கடையில் கேட்டபோது, "அதே பலகை இருக்கிறது ஐயா, புத்தம் புதுசு, பாதி விலை" என்று பளபளப்பான அட்டைப் பெட்டி ஒன்றை நீட்டினார்கள். திறந்து பார்த்தோம். பலகையின் ஓரத்துத் திருகுத் துளைகளைச் சுற்றி வெள்ளிப் பூச்சு தேய்ந்திருந்தது. முன்பே யாரோ திருகிக் கழற்றிய அடையாளம் அது. உள்ளே வரிசை எண் ஒன்று, பெட்டியின்மேல் வேறொன்று. ரசீது கேட்டதற்கு, "ரசீது வேண்டுமானால் விலை வேறு" என்று பதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பரீட்சை நோட்டுகளில் காப்பியடித்த விடைகளைக் கண்டு பிடித்து வருகிற நமக்கு, அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

ஒருவேளை அது உண்மையிலேயே புதிதாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டோம். விண்டோஸ் பத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதினொன்றுக்குப் போகலாம் என்றால், இன்டெல் பிராஸஸர்களில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை, ஓரிரண்டு விலக்குகள் தவிர, அது ஒப்புக்கொள்வதில்லை. பையன் உபயோகிக்கும் வரைவு மென்பொருளோ விண்டோஸில்தான் ஓடும். எட்டாம் தலைமுறைப் பிராஸஸரை மட்டும் வாங்கிப் பழைய பலகையில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் முனைகள் 1151 தான். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் 2017-ன் இறுதியில் வந்த எட்டாம் தலைமுறையை அதற்கு முந்திய பலகைகளில் பொருத்தினால் வேலை செய்யாது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை அடுத்த வருஷமே போடக்கூடாது என்பது போன்ற இந்தச் சட்டத்தை யார் செய்தார்களோ, அவர்கள் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்லர்.

அவ்வாறிருக்க, நாம் எடுத்த முடிவு சிலருக்குப் பிற்போக்காகத் தோன்றலாம். மிகப் புதிய பலகைகள் டி.டி.ஆர்.5 என்ற புதிய நினைவகத்தை மட்டுமே ஏற்கும். பையனிடம் பிழைத்திருந்த இரண்டு துண்டுகளும் டி.டி.ஆர்.4. இதே 2025-ன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் கட்டும் நிலையங்கள் நினைவகத்தை வாங்கிக் குவித்ததால், உலகம் முழுவதும் அதன் விலை பிடிக்க முடியாமல் ஏறிற்று. அமெரிக்காவில் யந்திரத்துக்கு மூளை வளர்ப்பதற்காகக் கலசப்பாக்கத்தில் ஒரு பையன் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது! கையிலுள்ள பதினாறு ஜி.பி.யைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவது, தங்கம் விற்கும் விலையில் பழைய தோட்டைக் கிணற்றில் போடுவதற்கு ஒப்பாகும். ஆகவே, பழைய நினைவகத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் விண்டோஸ் பதினொன்றும் ஓடும் பலகையே வேண்டும் என்று தீர்மானித்தோம்.

அப்படிப்பட்டவை இரண்டு குலத்தில் உண்டு. ஒன்று இன்டெல் பக்கத்தில் எச்610 என்ற சிப்செட் கொண்ட பலகைகளில் டி.டி.ஆர்.4 ஏற்கும் வகை. மற்றொன்று ஏ.எம்.டி. பக்கத்தில் ஏஎம்4 என்ற சாக்கெட்டு உடையவை. இந்த ஏஎம்4 விஷயத்தில் ஒரு மரியாதையான வழக்கத்தைக் கண்டோம். 2016-ல் தோன்றிய அந்தச் சாக்கெட்டுக்கு 2024-லும் புதிய பிராஸஸர்கள் வெளியாயின. அதில் 2020-ல் வந்த ஏ520 என்ற சிப்செட் பலகையையும், 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி என்ற பிராஸஸரையும் குறித்துக்கொண்டோம். கடைசியிலுள்ள அந்த 'ஜி' என்ற எழுத்தை நேயர்கள் அலட்சியம் செய்யக்கூடாது. அது இருந்தால்தான் படம் காட்டும் சக்தி பிராஸஸருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று பொருள். அது இல்லாத 5600-ஐ நூறு இருநூறு குறைவென்று வாங்கிவந்தால், பலகையின் முதுகில் திரைக்கான துளைகள் எல்லாம் இருந்தும் திரை இருண்டே கிடக்கும். தனியாகப் பட அட்டை வாங்க இன்னொரு தடவை கடன் படவேண்டும். எல்லாவற்றையும் அடியோடு புதிதாக வாங்குகிறவர்களுக்கு நம்முடைய அபிப்பிராயம் வேறு. அவர்கள் 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டைப் பார்க்கலாம். 2027 வரைக்குமாவது அதை ஆதரிப்பதாக அந்தக் கம்பெனி சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, தமக்கையாரின் கணவர் பாவுக்குக் கஞ்சி போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். இளம் வயதிலிருந்து கதர் வேட்டி கட்டுகிறவர்.

"பலகை செய்கிறவன் யார்?" என்றார்.

"ஆசுஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ., ஆஸ்ராக் என்று நாலு பேர் பிரசித்தம், மாமா."

"எந்த ஊர்?"

"நாலும் தைவான்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. "நம்முடைய சரக்கே கிடையாதா?" என்றார் பிறகு.

நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். பிராஸஸர்களை வடிவமைக்கும் மூளைகள் பல நம் நாட்டவை, ஏ.எம்.டி. கம்பெனி தன்னுடைய மிகப் பெரிய வடிவமைப்பு நிலையத்தை 2023-ல் பெங்களூரில்தான் திறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரில் சொந்தமாகவே பிராஸஸர் ஒன்றை வகுத்து, 2018-ல் மொஹாலியிலுள்ள அரசாங்கச் சாலையில் வார்த்தும் காட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன்களைப் பூட்டி ஏற்றுமதி செய்கிறோம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்று பலகையும் அதன் சில்லும் இங்கேயே வார்த்து, சாமானியன் கடையில் போய் வாங்கும்படி இன்னும் ஆகவில்லை. இந்த 5600ஜி வார்க்கப்படுவதும் தைவானில்தான்.

"நம்ம சேலைக்குப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது" என்றார் மாமா. "நெய்கிறது நாம், ஆரணிப் பட்டு என்கிறார்கள். அது சரி, அவை இரண்டும் நம் தேசம். இது கடல் தாண்டி வருகிறதே." சிறிது யோசித்துவிட்டு, "போகட்டும். நம் பிள்ளை போடுகிற பூ நம்முடையதுதானே? ஆனால் வாங்குகிறதைச் சீக்கிரம் கெடாததாகப் பார்த்து வாங்கு. அடிக்கடி வாங்கினால் அடிக்கடி அந்நியனுக்குக் கொடுக்கிறோம்" என்றார்.

கெடாத பலகை எது என்பதற்குக் கடைக்காரர்கள் வர்ண விளக்குகளைக் காட்டுகிறார்கள். நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு. சுவரில் வரும் 230 வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். 12 வோல்ட்டாக்குகிறது. பிராஸஸருக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டும் சொச்சமும். அந்த இறக்கத்தைச் செய்வது பலகையில், பிராஸஸரின் அருகே அணிவகுத்து நிற்கும் சிறு கருப்புக் கட்டிகளும், தகரக் குப்பிகள் போன்ற கபாசிட்டர்களும். வோல்ட் குறைவதற்கேற்ப ஆம்பியர் ஏறும்; 65 வாட் பிராஸஸருக்கு ஐம்பது ஆம்பியர் வரைகூட அந்தச் சிறு இடத்தில் பாய வேண்டியிருக்கும். நம் வீட்டு மிக்ஸி இழுப்பது மூன்று நான்கு ஆம்பியர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பலகைகள் பெரும்பாலும் ஏன் அந்த இடத்தில் சாகின்றன என்பது விளங்கும்.

இதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை, சில தொழிற்சாலைகளில் செய்த கபாசிட்டர்களின் உள்ளே ஊற்றிய திரவம் பழுதாக இருந்தது. உலகமெங்கும் லட்சக்கணக்கான பலகைகளில் குப்பிகள் தலை வீங்கி வெடித்தன. டெல் கம்பெனி மாத்திரம் தன் யந்திரங்களைச் சரிசெய்ய 2005-ல் முப்பது கோடி டாலர் ஒதுக்கியது. அதன் பிறகுதான் திரவமில்லாத திடக் கபாசிட்டர்கள் பெருகின. இன்று நல்ல பலகைகளில் அவையே இருக்கின்றன. தலை தட்டையாக, மேலே கீறல் இல்லாமல் இருப்பது அடையாளம். திரவக் குப்பிகளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள்: பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயுள் பாதியாகும். சித்திரையில் நாற்பது டிகிரி தொடுகிற ஊரில், ஓட்டுக்கூரையின் கீழ், பட்டுத் தூசி பறக்கிற கூடத்தில் வைக்கப் போகும் பலகைக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஆகவே அந்தக் கருப்புக் கட்டிகளின்மேல் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு பொருத்திய பலகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். ஏ520 பலகைகளில் மலிவானவை பலவற்றில் அந்தத் தகடு இல்லை. சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் இருப்பவையும் உண்டு. வர்ண விளக்குக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மறு வாரம் சென்னை ரிச்சித் தெருவுக்குப் பையனும் நாமும் போனோம். மவுண்ட் ரோடிலிருந்து உள்ளே திரும்பியதும், இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லாத அந்தச் சந்துகளில் கிடைக்காத உதிரி இல்லை. ஏழு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில், "நாலு நினைவகத் துளை உள்ளது வாங்குங்கள், பின்னால் உபயோகப்படும்" என்றார்கள். இரண்டு துண்டுக்கு இரண்டு துளை போதும். இன்னொரு கடையில் நமக்கு வேண்டிய பலகையே இருந்தது. ஆனால் பையனுடைய பழைய திரைக்கு வேண்டிய நீல வி.ஜி.ஏ. துளை அதில் இல்லை. கடைசியில் தகடும் துளையும் இரண்டும் உள்ள ஒன்று ஆறாயிரம் ரூபாய்க்குள் அகப்பட்டது. மூன்று வருஷ உத்தரவாதம். பலகையிலுள்ள வரிசை எண்ணை ரசீதில் எழுதித் தரும்படி கேட்டோம்; முகம் கோணாமல் எழுதிக் கொடுத்தார்கள். பிராஸஸரையும் அங்கேயே வாங்கி, அவர்கள் கையாலேயே பொருத்தி, திரையில் எழுத்து வருவதைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தோம். இது வெறும் சந்தேகப் புத்தி அன்று. ஏஎம்4 பிராஸஸரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஒன்று வளைந்தாலும் அதற்கு உத்தரவாதம் கிடையாது.

ஒரு செலவை முன்கூட்டி எதிர்பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். யந்திரத்தோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமை பழைய பலகையோடு பிணைக்கப்பட்டது; பலகை மாறியபோது அதுவும் போயிற்று. புதிய உரிமை வாங்க நேர்ந்தது.

கலசப்பாக்கத்துக்குத் திரும்பியதும் பையன் உடனே பெட்டியைப் பூட்ட ஆசைப்பட்டான். நாம் விடவில்லை. இடி வந்த வழி திறந்திருக்கும்போது புதுப் பலகையை வைப்பது எதற்கு? மீட்டர் பெட்டியிலிருந்து இறங்கும் எர்த் கம்பியைத் தொடர்ந்து போனோம். கொல்லைப்புறத்தில், துணி துவைக்கும் கல்லின் அருகே, துருப்பிடித்து அறுந்து, மண்ணைத் தொடாமல் அரைச் சாண் உயரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அப்படித் தொங்கிற்றோ! அந்தக் கம்பியை நம்பித்தான் கிரைண்டரும் குளிர்ப்பெட்டியும் அந்த வீட்டில் ஓடியிருக்கின்றன. தமக்கையார் ஈரக் கையோடு அவற்றைத் தொட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் செத்தது ஒரு விதத்தில் நல்ல சகுனம் என்றே எண்ணினோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டுப் புதிய எர்த் போட்டு, எங்கும் சோதித்துப் பார்த்த பிறகே, தரமான புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றோடு பலகையைப் பெட்டிக்குள் வைக்க அனுமதித்தோம். பேரேட்டைப் பார்த்தால், எர்த்துக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் ஆன செலவு பலகையின் விலைக்குச் சற்றே குறைவு. இடி இடித்தால் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்ற உத்தரவு மாத்திரம் இலவசம். அதை நிறைவேற்றும் பொறுப்பைப் பையனின் தங்கை ஏற்றுக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்து பத்து நாளில் இரண்டு முந்தானைகளில் ஒன்று முடிந்து, அட்டை அடிக்கப் போயிற்று. மற்றொன்றில் யாளியின் வால் சரியாக வரவில்லை என்று பையன் திரையோடு மல்லுக் கட்டிக்கொண்டிருந்தான். அது பலகையின் குற்றம் அல்ல என்று தெரிந்ததும் நாம் ஊருக்குப் புறப்பட்டோம்.

வாசல் வரை வந்த தமக்கையார் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மூன்று வருஷம் வைத்திருக்கணும் என்றாயே தம்பி, மை மங்கிப் போகாதா?"

கடையில் கொடுக்கும் அந்த வழவழப்புக் காகிதத்தில் எழுத்து ஒரு கோடையிலேயே அழிந்துவிடும் என்பது நமக்குத் தோன்றாமலே போயிற்று. பஸ் வருவதற்குள் எதிர்க் கடையில் இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று மாமாவின் ஜரிகைப் பெட்டியில், குடும்ப அட்டைக்கு அடியில் இருக்கிறது, மற்றொன்று நம்மிடம்.